அறுபதும் என் அஞ்சு மார்க்கும்

நண்பர்களே, காலாண்டுத் தேர்வில் எனக்கு 5 மார்க் போன கதையோடு ஆரம்பிக்கிறேன். மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ் 2 மணி 15 நிமிடம் ஓடினால் எவ்வளவு தூரம் போகும்? கணக்கு சுலபம்தான். நான் 2.15 × 48 என்று பெருக்கி, 103.2 கி.மீ. என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டேன். சரியான விடை 108. பெரிய சிவப்புச் சுழி!

வீட்டில் தாத்தா பேப்பரைப் பார்த்துவிட்டு, "ரெண்டேகால் மணின்னு தானடா சொல்றோம்? கால்னா 0.25. நீ எதுக்கு 15-க்கு முன்னாடி புள்ளி வச்ச?" என்றார். அட, ஆமா! மணிக்கு 100 நிமிடம் இல்லை, 60 நிமிடம். அது ஏன் 60 என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

சுமார் 4000 வருடங்களுக்கு முன்பு, இன்றைய ஈராக் பகுதியில் வாழ்ந்த பாபிலோனியர்கள் களிமண் பலகையில் கணக்கு எழுதினார்கள். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிற மாதிரி அவர்கள் அறுபது அறுபதாக எண்ணினார்கள். காரணிகளைப் பாருங்கள். 100-க்கு 9 காரணிகள்தான். 60-க்கு 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று மொத்தம் 12! ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா எண்களுக்கும் மீ.சி.ம. 60-தான். நூறு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் சில்லறைச் சண்டை வரும், அறுபதில் வராது.

1793-இல் பிரான்சில் புரட்சி அரசு இதை மாற்றப் பார்த்தது. ஒரு நாளுக்கு 10 மணி, ஒரு மணிக்கு 100 நிமிடம் என்று சட்டம் போட்டார்கள். அப்படிக் கடிகாரம்கூட செய்தார்கள். ஜனங்களுக்குப் பழகவில்லை, 1795-லேயே கைவிட்டார்கள். (அது மட்டும் நிலைத்திருந்தால் என் 2.15 சரியாகியிருக்கும்!)

நம் ஊரிலும் அறுபது உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். அதனால் ரெண்டரை நாழிகை ஒரு மணி நேரம். தமிழ் அம்மா நடத்திய சிறுபொழுது ஆறும் ஞாபகம் இருக்கா? ஒவ்வொன்றும் 10 நாழிகை. ஆறு பத்து அறுபது, கணக்கு முடிந்தது.

தமிழ் வருடங்களும் பிரபவ முதல் அட்சய வரை 60. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 வருடம், சனி ஏறத்தாழ 30 வருடம். இரண்டுக்கும் மீ.சி.ம. என்ன? அதே 60! அதாவது அறுபது வருடத்தில் இரண்டு கிரகமும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். எங்க தாத்தா 1964 ஆவணியில், குரோதி வருடத்தில் பிறந்தவர். 2024-இல் மறுபடி குரோதி வந்தது, வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு எனக்குப் பாயசம் மட்டும்தான் தெரியும், மீ.சி.ம. தெரியாது.

கடைசியாக விளையாட்டுப் பிரியர்களுக்கு. பி.டி. அறையில் இருக்கும் கறுப்பு வெள்ளை ஃபுட்பாலில் கறுப்பு ஐங்கோணம் 12. ஒவ்வொன்றுக்கும் 5 மூலை, ஆக 60 மூலை. அதே வடிவத்தில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறை 1985-இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் 1996-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பந்தை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள், ஆனால் சாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: 2.4 மணி நேரம் என்றால் எத்தனை நிமிடம்? எத்தனை நாழிகை? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதவும். 2 மணி 40 நிமிடம் என்று எழுதுபவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.