ஜெர்மன் வினைச்சொல்: இரண்டு வடிவம் கற்றால் போதும்

ஜெர்மன் படிக்கத் தொடங்குபவர்கள் ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவங்களை அட்டவணையாக உருப்போடுகிறார்கள். நிகழ்காலத்துக்கு அத்தனை உழைப்பு தேவையில்லை. ‘ஷ்பீலன்’ (விளையாடு) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: இஷ் (நான்) ஷ்பீல, டு (நீ) ஷ்பீல்ஸ்ட், எர் (அவன்) ஷ்பீல்ட், விர் (நாங்கள்) ஷ்பீலன், ஈர் (நீங்கள், பன்மை) ஷ்பீல்ட், ஸீ (அவர்கள்) ஷ்பீலன். ‘நாங்கள்’, ‘அவர்கள்’, மரியாதைக்குரிய ‘நீங்கள்’ மூன்றுக்கும் அகராதி வடிவமே அப்படியே வருகிறது. ‘ஸைன்’ (இரு) ஒன்றுதான் இதற்கு விலக்கு. ‘நான் வருகிறேன், நீ வருகிறாய்’ என்று ஆளுக்கேற்ப விகுதி மாற்றிப் பேசும் நமக்கு இந்த அமைப்பு புதிதும் அல்ல.

ஒழுங்கற்ற வினைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவற்றிலும் உயிரொலி மாறுவது பெரும்பாலும் ‘நீ’, ‘அவன்’ என்ற இரண்டு இடங்களில் மட்டுமே. ‘ஃபாரன்’ (பயணம் செய்) என்பது டு ஃபேர்ஸ்ட், எர் ஃபேர்ட் என மாறும். இஷ் ஃபார, ஈர் ஃபார்ட் என்பவற்றில் மாற்றமே இல்லை. எனவே அகராதி வடிவத்தோடு ‘அவன்’ வடிவத்தையும் சேர்த்துப் படித்தால் மற்றவை தாமாக வந்துவிடும். ஹெல்ஃபன் – ஹில்ஃப்ட் (உதவு), ஹாபன் – ஹாட் (வைத்திரு) என இரண்டிரண்டாகப் படியுங்கள். ‘கோனன்’ (முடியும்) போன்ற துணைவினைகளில் ‘நான்’, ‘அவன்’ இரண்டுக்கும் ஒரே வடிவம், விகுதியே கிடையாது: இஷ் கான், எர் கான். ‘ஸைன்’ வினையை மட்டும் முழுதாக மனப்பாடம் செய்தே ஆகவேண்டும்: பின், பிஸ்ட், இஸ்ட், ஸிண்ட், ஸைட், ஸிண்ட். அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.