கணினி விளையாட்டு மனச்சோர்வைத் தீர்க்குமா?

கேள்வி: படிவம் மூன்று படிக்கும் என் மகன் யாரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். கணினி வழி சிகிச்சை இருக்கிறதாமே, பலன் தருமா?
– ஒரு தாய், ராசா

பதில்: சோர்வு கடுமையாக இல்லையென்றால் தரும், அம்மா. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஸ்பார்க்ஸ்' ஏழு கட்ட விளையாட்டு. 'நான் எதற்கும் லாயக்கில்லை' போன்ற எண்ணங்கள் பூச்சிகளாகப் பறந்து வரும். பிள்ளை அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். 187 இளையரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனைக்கு இந்த விளையாட்டு சளைத்ததல்ல என்று தெரிந்தது.

ஆனாலும் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். 'இருந்து என்ன பயன்' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் கணினியை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றே கோல குபு பாரு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை: 03-7627 2929, இரவிலும் எடுப்பார்கள்.