பஞ்சாங்கம் உணர்த்தும் காலம்

ஏகாதசி உபவாசம் இன்றா, நாளையா என்ற ஐயம் பல இல்லங்களில் எழுவதுண்டு. ஓரிடத்தில் இன்று விரதம், மற்றோரிடத்தில் நாளை. இருவரில் ஒருவர் தவறிழைப்பதாகவே பலரும் கருதுகின்றனர். பஞ்சாங்கத்தின் அடிப்படையை அறிந்தால் இக்கருத்து அகலும்.

திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தும் பஞ்சாங்கத்தின் அங்கங்கள். இவற்றுள் வாரம், அதாவது கிழமை, சூரியோதயம் முதல் மறு சூரியோதயம் வரை நிற்பது. ஏனைய நான்கும் வானில் சூரிய சந்திரர்களின் நிலையைப் பற்றியவை. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுத்துக்கொள்ளும் காலமே ஒரு திதி. சந்திரனின் வேகம் ஒரே சீரானதன்று. ஆதலால் திதியின் அளவும் ஏறத்தாழ 20 மணி முதல் 27 மணி வரை மாறுபடுகிறது.

திதி மாறும் கணம் எவ்விடத்திற்கும் ஒன்றே. சூரியோதயமோ ஊருக்கு ஊர் வேறு. கொல்கத்தாவும் துவாரகையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. எனினும் கிழக்கே உள்ள கொல்கத்தாவில் சூரியன் சுமார் 1¼ மணி நேரம் முன்னதாகவே உதிக்கிறது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாள் காலை 6.15 மணிக்கு ஏகாதசி பிறப்பதாகக் கொள்வோம். கொல்கத்தாவில் சூரியன் உதித்தபோது தசமி. துவாரகையில் உதிக்கும்போது ஏகாதசி. உதயத் திதியைக் கொள்வோருக்கு துவாரகையில் அன்றே விரதம். மறுநாள் உதயத்திலும் ஏகாதசி நீடித்தால் கொல்கத்தாவில் மறுநாள் விரதம். இருவரும் சாஸ்திரத்தையே பின்பற்றுகின்றனர்.

எல்லா விரதங்களுக்கும் உதயத் திதியே அளவுகோல் அன்று. மகாசிவராத்திரிக்கு நள்ளிரவில் நிற்கும் சதுர்த்தசியும், சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரோதயத்தில் நிற்கும் சதுர்த்தியும் முக்கியம். வைஷ்ணவ மரபினர், சூரியோதயத்திற்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம், முந்தைய அருணோதயத்தில் தசமி கலந்திருந்தால் அன்று ஏகாதசி விரதம் ஏற்பதில்லை.

இராகு காலமும் இவ்வாறே. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, திங்கட்கிழமைக்கு இரண்டாம் பகுதியை இராகு காலம் என்பர். 7.30 முதல் 9 மணி வரை என்ற வழக்கு, 6 மணிக்கு உதயமும் 6 மணிக்கு அஸ்தமனமும் கொண்ட நாளுக்கே பொருந்தும். ஜனவரியில் துவாரகையில் 7 மணிக்குப் பின்னரே சூரியன் உதிப்பதால், அங்கு இரண்டாம் பகுதி 8.30 மணிக்கும் பிறகே தொடங்குகிறது.

ஆகவே தம் ஊருக்குக் கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தையும் தம் குல மரபையும் பின்பற்றுவதே முறை. பிறர் வேறு நாளில் நோற்பதைக் குறை கூறுதல் முறையன்று. பூஜையின் தொடக்கத்தில் சங்கல்பம் செய்பவர் தேசத்தையும் காலத்தையும் சேர்த்தே சொல்கிறார். தாம் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் உணர்ந்து இறைவனை நினைப்பதே அதன் கருத்து. பஞ்சாங்கம் அச்சம் கொள்வதற்கன்று. ஒவ்வொரு நாளையும் விழிப்புடன் இறைவனுக்கு உரியதாக்குவதற்கே.