மாதிரி உரையையும் தமிழிலேயே வையுங்கள்

பழவேற்காட்டு மீனவ ஊர்களுக்கு ஒரு செய்தித்தளம் என்றால், வேர்ட்பிரஸ்ஸில் அதற்கென்றே ஒரு தீம் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அனுப்பம்பட்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால், காசு கொடுத்தால் ஆயத்தத் தீம் கிடைக்கிறதே, யூனிகோடு வந்தபின் மொழி ஒரு சிக்கலா என்று கேட்பவர்களே அதிகம். எழுத்து எந்தக் கருவிக்குப் போனாலும் அதே எழுத்தாகப் போய்ச் சேரும் என்பது வரைதான் யூனிகோடின் பொறுப்பு. திரையில் அது எவ்வளவு இடம் பிடிக்கும், எங்கே மடங்கும் என்பதெல்லாம் தீமின் கையில் இருக்கிறது. ‘எல்லா மொழிக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் தீம்களில் பெரும்பாலானவை தமிழைக் கண்ணால்கூடப் பார்க்காதவை.

இந்த வேலையில் மிக அதிகமாகச் செலவு வைக்கும் தவறு ஒன்றுதான்: லோரம் இப்சம் என்ற பொருளற்ற மாதிரி உரையை நிரப்பி வடிவமைப்பை முடித்து, ஒப்புதலும் வாங்கிய பிறகு தமிழை ஏற்றுவது. ஆங்கிலத் தலைப்புக்கு 1.2 வரி உயரம் அழகாக இருக்கும். தமிழில் மேல்வரியின் ‘ழு’ கீழே இறங்கி, அடுத்த வரி ‘மீ’யின் மேல்விலங்குச் சுழியில் இடிக்கும்; 1.6க்குக் குறையக் கூடாது. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் உலாவி கைபேசியில் கிடப்பதை எடுத்துப் போட்டுவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் மூன்றும் இலவசம். இரண்டு கனம் போதும். செய்தியிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் சுருக்கம் 55 சொல். வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் அதே 55 சொல் பெட்டியை மீறி வழியும். அதைவிடக் கொடுமை முகவரி. தலைப்பிலிருந்து உருவாகும் முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் அதில் 9 இடத்தைத் தின்றுவிடும். ‘பழவேற்காட்டு ஏரியில் மீன்வரத்துக் குறைவு’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘மீன’ என்று புள்ளியைக்கூட இழந்து அறுந்து நிற்கும். முகவரியைக் கையால் சுருக்கமாக எழுதும் வழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிடுங்கள். லோரம் இப்சம் மாதிரியில் இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஆயத்தத் தீமின் மேல் கட்டும் சைல்டு தீம் போதாதா என்பது நியாயமான கேள்வி. நிறம், எழுத்துரு, வரி உயரம் மட்டும் மாற வேண்டுமென்றால் தாராளமாகப் போதும். முகப்பே குட்டிக் குட்டித் தலைப்புகளை நம்பிக் கட்டப்பட்டிருந்தால், எழுதும் ஒவ்வொரு விதியும் தாய்த் தீமோடு மல்லுக்கட்டும். தாய்த் தீம் மாறினால், அடுத்த புதுப்பிப்பில் மறுபடியும் கட்ட வேண்டிவரலாம். 2022 ஜனவரியில் வேர்ட்பிரஸ்ஸின் 5.9 பதிப்பு வந்ததிலிருந்து தீம்.ஜேசன் என்ற ஒரே கோப்பில் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அதோடு ஒரு தீம் தொடங்க ஸ்டைல் கோப்பில் பெயர், டெம்ப்ளேட்ஸ் அடைவில் இன்டெக்ஸ் கோப்பு, அவ்வளவுதான். மிச்சத்தை ஆவணங்களைப் பார்த்தே செய்துவிடலாம். சொந்தத் தீம் ஆடம்பரம் என்று இன்னும் பேசுவோர் தீம்.ஜேசனைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வாசகர் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், வெயிலில், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில்தான் படிப்பார். ஆகவே 360 பிக்சல் அகலத்தில், ‘காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிர்ப்பு’, ‘முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரிக்கை’ போன்ற உண்மையான தலைப்புகளை வைத்துச் சோதியுங்கள். ‘விரிவாக்கத்துக்கு’ திரையைத் தாண்டி ஓடினால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். சொல்லை உடைக்கும் விதியைக் கடைசியாகத் தொடுங்கள்.