அயலாரும் நோன்பு மாதமும்

நுழையும் முன்

பணியிட மாற்றம் பெற்ற பெற்றோருடன் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவர் பலர் நம் பள்ளிகளில் பயில்கின்றனர். புதிய ஊரில் அண்டை வீட்டார், நம் இல்லத்தில் வழக்கமில்லாத ஒரு நோன்பைக் கடைப்பிடிக்கும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? கொச்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

பரதேசிகளின் ஊர்

கொச்சித் துறைமுகத்தின் வாயிலில், வடகரையில் வைப்பின் தீவும் தென்கரையில் கொச்சிக் கோட்டையும் அமைந்துள்ளன. வைப்பினிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகில் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். கோட்டையை அடுத்திருப்பது மட்டாஞ்சேரி. கட்ச் நாட்டிலிருந்து வந்த மேமன் முஸ்லிம்கள், குஜராத்தி வணிகர், கொங்கணி பேசுவோர், தமிழர் எனப் பல மக்கள் இங்கு வாழ்கின்றனர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் கொச்சிக் கோட்டைப் பகுதியில் அத்தொழிலைச் செய்கின்றனர்.

மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடத்தின் பெயரிலேயே ‘பரதேசி’ என்னும் சொல் உள்ளது. பிற தேசத்திலிருந்து வந்தவர் என்பதே அதன் பொருள். அருகிலுள்ள கொச்சங்காடியில் செம்பிட்டப் பள்ளி என்னும் பழைய பள்ளிவாசல் இருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் அது அப்பெயர் பெற்றது. வந்தவர் அனைவரும் ஒரு காலத்தில் பிறர்க்குப் புதியவராயிருந்த ஊர் இது. ஆதலின், அயலார் ஒருவர் நோன்பு மாதத்தில் எவ்வாறு வாழ்வது என்பதை அறிய இவ்வூர் ஏற்றதாகும்.

நோன்பின் ஒழுங்கு

ரமலான், இஸ்லாமிய நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம். அந்நாட்காட்டி பிறையை அடிப்படையாகக் கொண்டது. ஓர் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்களே உண்டு. எனவே ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருகிறது. ஏறக்குறைய 33 ஆண்டுகளில் அது மழை, பனி, கோடை ஆகிய எல்லாப் பருவங்களையும் கடந்துவிடுகிறது.

வைகறைக்கு முன் உண்ணும் உணவு சஹர் எனப்படும். அதன்பின் கதிரவன் மறையும்வரை உணவும் இல்லை, நீரும் இல்லை. கொச்சியில் இக்கால அளவு ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரமாகும். வளைகுடா நாடுகளின் கோடையில் அது 15 மணி நேரத்தைத் தாண்டும். மாலையில் பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறப்பர். இரவில் தராவீஹ் என்னும் சிறப்புத் தொழுகை நடைபெறும்.

இந்நோன்பு அனைவர் மீதும் ஒரே அளவில் சுமத்தப்படுவதன்று. சிறுவர்க்கு அது கடமையில்லை. நோயாளிகள், பயணம் செய்வோர், கருவுற்ற மகளிர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர்க்கு விலக்கு உண்டு. விடுபட்ட நாள்களைப் பின்னர் நோற்று ஈடு செய்யலாம். முதுமையால் இயலாதவர் அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிப்பர். உடலுக்குக் கேடு வராமல் காப்பதும் நோன்பின் ஒழுங்கிலேயே அடங்கும் என்பது இதனால் விளங்கும்.

நோன்பு என்பது நமக்குப் புதிய சொல்லன்று. மார்கழியில் பாவை நோன்பு உண்டு. சபரிமலைக்குச் செல்வோர் 41 நாள் விரதம் இருப்பர். வைப்பினில் வாழும் கிறித்தவர்க்கும் உயிர்ப்புத் திருநாளுக்கு முன் நோன்புக் காலம் உண்டு. விலக்கும் பொருள்கள் வேறாயினும், விரும்பியதை விரும்பியே விலக்கும் பயிற்சி எல்லார்க்கும் பொதுவானதாகும்.

பகலில் அயலார்

ரமலான் நண்பகலில் மட்டாஞ்சேரிக்கு வரும் புதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பசி. முஸ்லிம்கள் மிகுந்த தெருவில் உணவுக்கடைகள் சில மூடியிருக்கின்றன. சிலவற்றின் வாயிலில் திரை தொங்குகிறது. அவர் உண்பது குற்றமா? அன்று. நோன்பு நோற்றவரின் கடமை அவருக்குரியது. நோலாதவரின் பசி பழிக்கத்தக்கதன்று. திறந்திருக்கும் கடையில் அமர்ந்து அவர் அமைதியாக உண்ணலாம்.

ஆனால் சில செயல்களை அவர் தவிர்க்கலாம். நோன்பிருப்பவரின் முன் நின்று ருசித்து உண்பதும், “ஒரு வாய் தண்ணீர் கூடவா குடிக்கக் கூடாது?” என்று மீண்டும் மீண்டும் கேட்பதும், வற்புறுத்தி உணவு நீட்டுவதும் நற்பண்பாகா. அவர்மேல் இரக்கம் காட்டுவதும் தேவையற்றது. அவர் தாமே ஏற்ற நோன்பு அது. வகுப்புத் தோழர் நோன்பிருந்தால், கடும் வெயிலில் ஓடும் விளையாட்டை மாலைக்கோ வேறொரு நாளுக்கோ மாற்றலாம். ஒருவர் நோன்பிருக்கவில்லை எனில் “ஏன்?” என்று கேட்பதையும் தவிர்க்க வேண்டும். உடல்நிலை முதலிய காரணங்களைப் பிறரிடம் சொல்ல அவர் விரும்பாமல் இருக்கலாம்.

சட்டமும் மனமும்

வளைகுடா நாடுகளில் உழைக்கும் கேரள மக்களும் தமிழ் மக்களும் ஏராளம். முஸ்லிம் அல்லாத அயல்நாட்டவராக ரமலானைக் கழிப்பது அவர்களுக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி. குவைத்தில் 1968ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி, நோன்பு நேரத்தில் பொதுவிடத்தில் உண்பவர்க்கு 100 தினார் வரை தண்டமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மறுபுறம், ஐக்கிய அரபு அமீரகத்தில் ரமலானில் தனியார் நிறுவனங்களின் பணி நேரம் இரண்டு மணி நேரம் குறைக்கப்படுகிறது. அது எல்லாச் சமயத்தார்க்கும் பொருந்தும். துபாயில் உணவகங்கள் பகலில் திரையிட வேண்டும் என்னும் கட்டாயம் 2021இல் நீக்கப்பட்டது.

வெயிலில் உழைக்கும் தொழிலாளிக்கு இஃது உயிர் தொடர்பான செய்தி. சட்டத்திற்கோ பிறர் பார்வைக்கோ அஞ்சி, நோன்பில்லாத ஒருவர் பகல் முழுதும் நீர் அருந்தாமல் இருத்தல் தவறு. ஓய்வறை போன்ற மறைவிடத்திற்குச் சென்று அவர் கட்டாயம் நீர் அருந்த வேண்டும். பிறரை மதித்தல் தம் உடலை வருத்துவதன்று.

மட்டாஞ்சேரியில் அத்தகைய சட்டம் இல்லை. நோன்பிருக்கும் நண்பர் எதிரில் இருக்கையில் ஒருவர் தம் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சற்றுத் தள்ளிச் செல்கிறார் என்றால், அது தண்டத்திற்கு அஞ்சியதன்று. அவரே விரும்பிச் செய்தது. அதனால்தான் அச்சிறு செயலுக்கு மதிப்பு மிகுதி.

மாலையில் அயலார்

பகலில் விலகி நின்றவரை மாலைப்பொழுது அருகில் அழைக்கிறது. கேரளத்து இல்லங்களில் ரவையால் செய்யும் தரிக்கஞ்சியும் அரிசிப் பத்திரியும் அண்டை வீட்டுக்கும் போகும். தமிழ்நாட்டின் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. அதற்கு அரசு பச்சரிசி வழங்குகிறது. தூக்குச்சட்டியுடன் வரிசையில் நிற்பவர் எந்தச் சமயத்தார் என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சியவர் இன்னும் ஒரு துளியும் பருகியிருக்கமாட்டார். ஆயினும் பிறர் பாத்திரத்தை முதலில் நிரப்புகிறார்.

நோன்பு திறக்க அழைக்கப்பட்டால் பாங்கொலிக்கு முன்பே சென்றுவிட வேண்டும். உணவு முன்னிருந்தாலும் பாங்கு கேட்கும்வரை அனைவருடனும் காத்திருக்க வேண்டும். விருந்தினரும் வீட்டாரும் ஒரே பசியுடன் ஒரே ஒலிக்குக் காத்திருக்கும் அச்சில நிமிடங்கள், நூல்கள் கற்பிக்காத பாடத்தைக் கற்பிக்கும்.

தமிழில் ‘அயலார்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: அந்நியர் என்பது ஒன்று, அண்டை வீட்டார் என்பது மற்றொன்று. மலையாளத்திலும் ‘அயல்க்காரன்’ என்பவன் அண்டை வீட்டுக்காரனே. முதற்பொருளில் ஓர் ஊருக்குள் நுழையும் நாம் இரண்டாம் பொருளுக்கு உரியவராவது நம் நடத்தையால்தான்.

சொற்பொருள்

வைகறை – விடியற்காலம்
வேய்ந்த – மூடிய
தண்டம் – அபராதம்
பாங்கு – தொழுகைக்கு அழைக்கும் ஒலி
நோற்றல் – நோன்பு கடைப்பிடித்தல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: செம்பிட்ட, பொதுவிடம், மறைவிடம்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ‘பரதேசி’ என்னும் சொல்லின் பொருள் யாது?
2. ரமலான் எல்லாப் பருவங்களிலும் வருவது ஏன்?
3. நோன்பிலிருந்து விலக்குப் பெறுவோர் யாவர்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. சட்டத்தால் காட்டும் மதிப்பும் மனத்தால் காட்டும் மதிப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ‘பிறரை மதித்தல் தம் உடலை வருத்துவதன்று.’ இத்தொடரை விளக்குக.

ஈ. செயல்பாடு: உங்கள் வகுப்புத் தோழர்களின் இல்லங்களில் கடைப்பிடிக்கும் நோன்புகளைக் கேட்டறிந்து, காலம், விலக்கும் உணவு, விலக்குப் பெறுவோர் ஆகியவற்றைப் பட்டியலிடுக.