ஐவரின் நேரடி இசை



இசைப்பதிவு இரு வகைப்படும். ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவிகளைத் தனித்தனியே பதிந்து இணைப்பது ஒரு வகை. பிழை நேர்ந்தால் அப்பகுதியை மீண்டும் வாசித்துச் சேர்க்கலாம். அவையோர் முன்னிலையில் வாசிக்கும்போதே பதிவது மற்றொரு வகை. இதனை நேரடிப் பதிவு என்பர்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை ஜாஸ். கருநாடக இசையைப் போலவே அதற்கும் மனோதர்மம் உயிர்நாடி. அதன் 'பிக் பேண்ட்' எனும் பெருங்குழுவில் ட்ரம்பெட், சாக்சபோன் முதலிய கருவிகளுடன் பதினைந்து பேருக்கு மேல் இருப்பர். ஜாசுடன் ராக் இசையின் மின்கிதாரும் முழக்கமும் கலந்தபோது ஜாஸ் ராக் பிறந்தது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் 1971இல் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' இவ்வகையில் புகழ்பெற்றது. பெயரோ ஆர்க்கெஸ்ட்ரா, இருந்தவரோ ஐவர்! 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் அவர்கள் வாசித்தது நேரடிப் பதிவாக வெளிவந்தது.

மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். மின்கிதாரை விட்டுச் சாதாரணக் கிதாரை ஏந்தி, 'சக்தி' என்னும் புதிய குழுவை அவர் அமைத்தார். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கர் வயலின் வாசித்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த டி.எச். விநாயக்ராம் கடமும், இராம்நாடு இராகவன் மிருதங்கமும், மும்பையின் ஜாகிர் உசேன் தபலாவும் வாசித்தனர்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்தது அப்படியே பதிவாகி, மறு ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் மூன்றே உருப்படிகள். இறுதி உருப்படி மட்டும் ஏறத்தாழ 29 நிமிடம் நீள்கிறது.

மிருதங்கச் சொற்கட்டு வேறு. தபலாவின் போல் வேறு. கிதார் பிறந்த மரபும் வேறு. பின் எவ்வாறு இணைந்தனர்? ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் உற்றுக் கேட்டனர். எண்ணிக்கையைக் கைவிடாமல் காத்தனர். தபலா தபலாவாகவே ஒலித்தது. கடமும் கடமாகவே ஒலித்தது. எனினும் தாளம் ஒன்றாயிற்று.

ஜாதவ்பூரில் வாழும் உங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் வங்காளம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். பேச்சும் நேரடிப் பதிவு போன்றதே. சொன்ன சொல்லை வெட்டி ஒட்ட இயலாது. பிழை நேருமென அஞ்சித் தமிழில் பேசத் தயங்குவோர் உளர். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போது, அவர் சொல்வதை உற்றுக் கேட்டு, தெரிந்த தமிழில் விடை கூறுங்கள். தடுமாறினும் நிறுத்தாதீர்கள்.

சொற்பொருள்
மனோதர்மம் – கலைஞர் தம் கற்பனையால் அவ்வப்போதே இசையை விரித்தல்
கடம் – மண்பானை வடிவத் தாளக்கருவி
உருப்படி – ஒரு முழுமையான இசைப்பகுதி

பயிற்சி
1. நேரடிப் பதிவு, கூடப் பதிவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. 'சக்தி' குழுவினர் ஐவரையும் அவர்தம் கருவிகளையும் எழுதுக.
3. பிரித்து எழுதுக: மண்பானை, உயிர்நாடி.
4. செயல்பாடு: நமக்கு அருகிலுள்ள நாக்தலாவோடு தொடர்புடைய 'மொஹினேர் கோராகுலி' குழு, பாவுல் இசையோடு மேலை இசையையும் இணைத்தது. அதன் பாடல் ஒன்றை வங்காள நண்பரோடு கேட்டு, நீங்கள் கேட்ட கருவிகளைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.