மருத்துவச்சியை நம்பும் அரசு

கேள்வி: மருத்துவச்சிகளையும் ஊர்ப்புறப் பிரசவ நிலையங்களையும் அரசே தாங்கிப் பிடிக்கும் நாடு ஏதாவது உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு, நியூசிலாந்து. டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் மருத்துவச்சி பிரசவம் பார்க்கக்கூடாது என்று 1971-ல் அங்கே சட்டம் வந்தது. அதை எதிர்த்துத் தாய்மார்களும் மருத்துவச்சிகளும் ஒன்றாகப் போராடினார்கள். ஹெலன் கிளார்க் சுகாதார அமைச்சராக இருந்த 1990-ல் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவச்சிகள் தனித்துப் பணியாற்றும் உரிமை திரும்பக் கிடைத்தது.

இன்று அங்கே கர்ப்பிணி தன் பேறுகாலத்துக்கான பொறுப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கிறார். பெரும்பாலோர் தேடிப் போவது மருத்துவச்சியைத்தான். கட்டணத்தை அரசு தருகிறது.

மாதா மாதம் ரத்த அழுத்தம் பார்ப்பவர், வயிற்றில் டேப் வைத்து வளர்ச்சியை அளப்பவர், குழந்தையின் இதயத் துடிப்பைத் தாய்க்குக் கேட்கவைப்பவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் அவரே தராசோடு வீடு தேடி வந்து குழந்தையை எடை பார்க்கிறார். தாய்ப்பால் சரியாகச் சுரக்கிறதா என்று விசாரிக்கிறார்.

சிறு ஊர்களில் பிரசவ நிலையங்கள் உண்டு. அங்கே அறுவை அரங்கு கிடையாது. சிக்கல் தெரிந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நேரம் காலம் பாராத உழைப்புக்கு ஏற்ற ஊதியம் இல்லை என்று 2015-ல் மருத்துவச்சிகள் சங்கம் அரசின் மீது வழக்குப் போட்டது. நியாயமான கோரிக்கை. சட்டத்தில் உரிமை தந்த அரசு, கூலியிலும் அதைக் காட்டியாக வேண்டும்.